வால்ரஸ் திரும்பி வந்த கரை

வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்ட் என்ற தீவுக்கூட்டத்துக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் சேலத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கரடி தெரியுமா? எனக்கு ஆசை வேறொன்றின் மேல் இருந்தது. அங்கே ஒரு பளிங்குக்கல் குவாரி இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் வெட்டத் தொடங்கி, இயந்திரங்களையும் தண்டவாளத்தையும் அப்படியே போட்டுவிட்டுப் போன குவாரி. அதைப் பார்க்க வேண்டும் என்றேன். இவ்வளவு செலவு பண்ணிக் கல்லுக்குழியைப் பார்க்கவா, அதற்குக் கருப்பூர்ப் பக்கம் போனால் போதாதா என்றார்கள். நியாயமான கேள்விதான்.

என் அப்பா வெள்ளைக்கல் வெட்டில் வேலை பார்த்தவர். பாடப்புத்தகத்தில் மேக்னசைட் என்று இருக்கும். இரும்பு உருக்கும் உலைகளின் உட்புறத்துக்குச் செங்கல் செய்ய அது போகும். சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வரும்போது புருவத்திலிருந்து செருப்பு வரைக்கும் வெள்ளையாக இருப்பார். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் ஒரு பக்கம் வெட்டிக் குவித்த வெள்ளை மண்மேடு, இன்னொரு பக்கம் சேர்வராயன் மலை. இப்படி வளர்ந்ததாலோ என்னவோ, ஓர் இடத்தைப் பார்த்ததும் ‘ஆஹா, இயற்கை’ என்று எனக்குச் சட்டென்று வராது. இங்கே யார் வந்தார்கள், எதைத் தோண்டினார்கள் என்றுதான் கண் முதலில் தேடும்.

ஏற்காட்டிலும் அப்படித்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நின்று “என்ன ஒரு காடு” என்று படம் எடுப்பார்கள். அந்த மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. காப்பிக்கு நிழலுக்காகவும் மிளகுக்கொடி ஏறுவதற்காகவும் நட்டது. காப்பியும் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து போட்டது. இன்னும் மேலே, மலையின் தலைப்பகுதியில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். வெட்டு நின்று புல் முளைத்துவிட்டதால் இப்போது அந்த இடமும் அழகாகத்தான் இருக்கிறது. ஸ்வால்பார்ட் பயணத்துக்கான விளம்பரத்தில் ‘மனிதக் கால் படாத’ என்று போட்டிருந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம் இதுதான்.

போக நேர்ந்த கதை சின்னது. அக்கா மகள், எனக்கு மருமகள் முறை, ஆஸ்லோவில் வேலை பார்க்கிறாள். கோடையில் கடைசி நேரம் வரை காலியாகக் கிடக்கும் அறைகளைக் கப்பல்காரர்கள் சில சமயம் விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். 2025 ஜூலையில் நான் அவள் வீட்டில் இருந்த சமயம் பார்த்து அப்படி ஒன்று அவள் கண்ணில் பட்டது. “மாமா, ரெண்டு பேருக்கு ஒரு கேபின். தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, வட்டமா ஒரு கண்ணாடி இருக்கும், அவ்வளவுதான். வரீங்களா?” பாதி விலையே எனக்குத் தலை சுற்ற வைத்தது. பிறகு, இந்த வயதில் விட்டால் எப்போது என்று தலையாட்டிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. ஸ்வால்பார்டுக்கென்று விசா கிடையாது. நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் அது ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லைக்கு வெளியே. ஆனால் நார்வே வழியாகத்தான் போகவும் வரவும் முடியும். திரும்பி வரும்போது இரண்டாவது தடவையாக ஷெங்கனுக்குள் நுழைகிறீர்கள். அதனால் ஒருமுறை மட்டும் நுழையும் விசா உதவாது. இரண்டு முறையோ பல முறையோ நுழையும் விசா வேண்டும். எனக்குத் தற்செயலாகப் பலமுறை விசா கிடைத்திருந்தது, பிழைத்தேன்.

ஆஸ்லோவிலிருந்து மூன்று மணி நேர விமானம். லாங்இயர்பியன், 78 பாகை வடக்கு. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். லாங்இயர் என்ற அமெரிக்க முதலாளி 1906இல் நிலக்கரிக்காகத் தொடங்கிய குடியிருப்பு அது. மலைச்சரிவில் கரி வாளிகளைக் கம்பியில் தொங்கவிட்டு இறக்கிய மரத் தூண்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. ஊரின் கடைசிச் சுரங்கத்தை மூடி அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஓட்டலில் நுழையும்போது செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், அருங்காட்சியகத்திலும் அதே. கரித்தூளோடு வந்த சுரங்கத் தொழிலாளிகள் காலத்துப் பழக்கமாம். வெளிநாடு வந்து வாசலில் செருப்பை விட்டது எனக்கு அங்கேதான் முதல் தடவை, மனசுக்குப் பிடித்துப்போனது.

அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். “அங்க பொழுது சாஞ்சிருச்சா?” என்றாள். சாயாது, ஏப்ரல் இருபது வாக்கில் எழுந்த சூரியன் ஆகஸ்ட் இருபதுக்கு மேல்தான் அடிவானத்துக்குக் கீழே போகும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அப்ப வெளக்கு எப்ப வெப்பாங்க?” என்றாள்.

கப்பல் பழையது, சின்னது. நூறு பேருக்கும் குறைவான பயணிகள். ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் இப்போது வர முடியாது. அந்தத் தீவுகளின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கேயும் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. 2025 ஜனவரி முதல் 43 இடங்கள் மட்டுமே. கனத்த எண்ணெய் எரிக்கும் கப்பலுக்கு 2022இலிருந்தே தடை. (சென்னையிலிருந்து நான் பறந்து வந்த புகைக்கு யாரும் தடை போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) சாப்பாடு, அறை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே இருந்தன. நான் கொண்டுபோயிருந்த தட்டுவடையை மருமகள் சமையலறையில் கேட்டு வாங்கிய பீட்ரூட், கேரட் துருவலோடு செட்டாக அடுக்கி வழிகாட்டிகளுக்குக் கொடுத்தாள். புதினாச் சட்னி இல்லாமல் அதைச் செட் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் டப்பாவைக் காலி செய்துவிட்டார்கள்.

முதல் நாளே பாடம் எடுத்தார்கள். ரப்பர் படகில் ஏறும்போது மாலுமியின் உள்ளங்கையைப் பிடிக்கக் கூடாது, முன்கையை முன்கையால் பிடிக்க வேண்டும், ஈரத்தில் வழுக்காது. கரையில் துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டியைத் தாண்டி ஓர் அடி போகக் கூடாது. துப்பாக்கி கடைசிக்கும் கடைசி; முதலில் வெடியொளி போட்டு விரட்டத்தான் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து பையின் மூலைகளைத் தூசு உறிஞ்சியால் உறிஞ்சினோம், சட்டையில் ஒட்டும் பட்டைகளை ஊசியால் நோண்டினோம், காலணி அடிப்பாகத்தைத் தேய்த்தோம். வேற்று ஊர் விதை ஒன்றும் கரைக்குப் போகக் கூடாது. என் பையின் தையலில் ஒரு நாயுருவி முள் இருந்தது. கோரிமேட்டுப் பக்கம் காலை நடையில் ஒட்டியதாக இருக்கும். நாயுருவி எங்கே துருவத்தில் முளைக்கப்போகிறது என்றேன். “இன்று முளைக்காது” என்றார் பக்கத்தில் இருந்த வழிகாட்டி, ஒரு ஜெர்மன் பெண். வேற்று நாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி தின்ற மலைச்சரிவுகளைப் பார்த்து வளர்ந்தவனிடம் அவர் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

வடமேற்கு மூலையில் ஆம்ஸ்டர்டாம் என்றொரு தீவு. வெறும் மணல் திட்டு போல ஒரு முனை, பின்னால் பனி அப்பிய மலை. இதுதான் ஸ்மீரன்பர்க். பேரன்ட்ஸ் என்ற டச்சு மாலுமி புதிய கடல்வழி தேடிப் போகையில் 1596இல் இந்தத் தீவுகளைக் கண்டார். அடுத்த இருபது வருஷத்துக்குள் திமிங்கில வேட்டைக்காரர்கள் வந்து குவிந்துவிட்டார்கள். அவர்கள் குறிவைத்தது வில்தலைத் திமிங்கிலம்; மெதுவாக நீந்தும், செத்தால் மிதக்கும், உடம்பெல்லாம் கொழுப்பு. அந்தக் கொழுப்பைக் கரைக்கு இழுத்துவந்து செப்புக் கொப்பரைகளில் காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள். ஐரோப்பாவின் விளக்குக்கும் சோப்புக்கும் போனது அதுதான். பிற்காலத்துக் கதைகளில் ஸ்மீரன்பர்க் ஆயிரக்கணக்கான பேர் வாழ்ந்த, கடையும் கோயிலும் இருந்த பட்டணம். 1980 வாக்கில் டச்சு ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்ததில், மிஞ்சிப் போனால் 200 பேர் இருந்திருக்கலாம் என்றுதான் தெரிந்தது. ஆனால் அந்த 200 பேரும் அவர்களைப் போன்ற மற்ற கூட்டங்களும் சேர்ந்து வேலையை முடித்துவிட்டார்கள். விரிகுடாக்களில் திமிங்கிலம் தீர்ந்து, வேட்டை நடுக்கடலுக்குப் போய், 1660 வாக்கில் ஸ்மீரன்பர்க் காலியானது. இருநூறு வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய விலங்கு அது. நாலு நூற்றாண்டு கழிந்தும் இந்தப் பக்கத்துக் கடலில் சில நூறுதான் இருக்கின்றன.

படகிலிருந்தே பார்த்தோம். கரையோரத்தில் வட்டமாகக் கருத்த மேடுகள். கொப்பரையிலிருந்து வழிந்த கொழுப்பு மணலோடும் சரளையோடும் சேர்ந்து இறுகி, சிமெண்ட் போல இன்றைக்கும் நிற்கிறது. அடுப்புகளின் செங்கல் போய்விட்டது, கொழுப்பு போகவில்லை. அந்த வேட்டைக்காரர்களின் கல்லறைகளும் இந்தப் பகுதி முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. மக்தலேனா ஃபியோர்டில் ஒரே முனையில் சுமார் 130 கல்லறை. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் செத்தவர்கள் நிறைய. நிலம் உறைந்தே கிடப்பதால் சில கல்லறைகளில் கம்பளித் தொப்பிகள் நிறம்கூடப் போகாமல் கிடைத்திருக்கின்றன. கண் மட்டும் தெரியப் போர்த்திக்கொண்டவர்கள் தொப்பியின் கோடுகளை வைத்துத்தான் ஒருவரையொருவர் அடையாளம் கண்டிருப்பார்கள் என்று ஒரு கணிப்பு. எலும்பைக் காட்டியிருந்தாலும் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. யாரோ வீட்டில் அம்மாவோ தங்கையோ பின்னிக் கொடுத்தது அல்லவா!

அந்தக் கரையில்தான் வால்ரஸ்களும் கிடந்தன, நீளத் தந்தம் வைத்த பெரிய கடல் விலங்குகள். முதலில் வந்தது நாற்றம். காற்று எங்கள் பக்கம் அடித்தது. அப்புறம் சத்தம், ஏப்பமும் குறட்டையும் கலந்த மாதிரி. இருபது முப்பது இருக்கும், ஒன்றின்மேல் ஒன்றாக. நடுவில் கிடப்பது புரண்டால் ஓரத்தில் கிடப்பது எழுந்து தந்தத்தைக் காட்டும். திட்டித் தீர்த்துவிட்டு மறுபடி படுக்கும். இந்தப் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் ஆண்கள். பெண்களும் குட்டிகளும் கிழக்கே, ருஷ்யாவின் ஃபிரான்ஸ் ஜோசஃப் தீவுகளில். திமிங்கிலம் குறையக் குறைய இவற்றின் தந்தத்துக்கும் தோலுக்கும் கொழுப்புக்கும் ஆள் வந்தார்கள். 1952இல் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது ஸ்வால்பார்டு முழுக்க நூறு வால்ரஸ் இருந்தால் அதிகம். 2018 கணக்கெடுப்பில் ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டன. சட்டம் போட்ட கையோடு பெருகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2006இல்கூட எண்ணிக்கை மூவாயிரத்தைத் தொடவில்லை. இரண்டு தலைமுறை சும்மா விட்டிருக்கிறார்கள்.

கலைமானுக்கு 1925இலேயே பாதுகாப்பு கிடைத்தது, நார்வே இந்தத் தீவுகளின் ஆட்சியை ஏற்ற அதே வருஷம். துருவக்கரடிக்கு 1973இல். கரடி வேட்டையைப் பற்றி வழிகாட்டி சொன்ன ஒரு விவரம் போதும். ஒரு மரப்பெட்டிக்குள் துப்பாக்கியைப் பூட்டி, விசையில் நூல் கட்டி, நூலின் நுனியில் இறைச்சி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கரடி இறைச்சியை இழுத்தால் தன் தலையைத் தானே சுட்டுக்கொள்ளும். வேட்டைக்காரர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

நான் அதிக நேரம் செலவழித்தது பறவைப் பாறையில். ஹின்லோப்பன் நீரிணையில் நூறு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் கருங்கல் தூண்கள். ஒவ்வொரு விளிம்பிலும் புரூனிக் கில்லிமாட் பறவைகள், ஏறக்குறைய அறுபதாயிரம் ஜோடி. கருப்பு முதுகு, வெள்ளை வயிறு. கூடு கட்டாது. வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை, ஒரு பக்கம் கூம்பியது. ஒவ்வொரு முட்டைக்கும் நிறமும் கிறுக்கலும் வேறு. உள்ளங்கை அகல விளிம்பில் தோளோடு தோள் உரசி நின்றுகொண்டு காலுக்கடியில் அதை அடைகாக்கும். அங்கே கேட்டது கூச்சல் இல்லை, உறுமல். பாறை முழுக்க ஒரே குரலில் ‘அர்ர்ர்’ என்று. சேலம் பழைய பஸ் நிலையத்தில் தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி நிற்பது போல இருந்தது என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும்.

ஜூலைக் கடைசி. குஞ்சுகள் குதிக்கும் காலம் தொடங்கியிருந்தது. பிறந்து மூன்று வாரம்கூட முழுதாக ஆகியிருக்காது, பறக்கும் அளவுக்கு இறகு வளர்ந்திருக்காது. அப்பன் கீழே கடலில் நின்று கூப்பிடும், அல்லது கூடவே இறங்கும். குஞ்சு விளிம்பில் வந்து நிற்கும், பின்வாங்கும், மறுபடி வரும். அப்புறம் குட்டைச் சிறகைப் பரப்பிக்கொண்டு விழும். தண்ணீரில் விழுந்தால் தப்பித்தது. பாறை அடியில் விழுந்தால் நரி காத்துக்கொண்டிருக்கிறது. துருவக் கடற்காகமும் காத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் விழுந்தது கீச்சிட, அப்பன் அந்தக் குரலை ஆயிரம் குரலுக்கு நடுவே கண்டுபிடித்துப் பக்கத்தில் வரும். அந்த நேரம் பார்த்து அப்பனுக்கும் பறக்கும் இறகு உதிர்ந்துவிடும். ஆகவே இரண்டும் நீந்தியே தெற்கே போகின்றன, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அம்மா ஏன் கூடப் போவதில்லை என்று மருமகள் கேட்டாள். அவள் முட்டையிட்ட களைப்பில் பாறையிலேயே கொஞ்ச நாள் இருப்பாளாம். “பரவால்ல மாமா, இங்கயாச்சும் அப்பாங்க பாத்துக்கறாங்க” என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, அவள் அப்பா என் அக்கா வீட்டுக்காரர்.

பனியாறுகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். வடகிழக்குத் தீவின் பனிமுகப்பு சுமார் 180 கிலோமீட்டர் நீளம். இரண்டு மணி நேரம் அதன் பக்கமாகப் போனோம், அதன் மேலிருந்து அருவிகள் கடலில் கொட்டிக்கொண்டே இருந்தன. அருவி அழகுதான். ஆனால் 1979க்குப் பிறகு உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் வடதுருவப் பகுதி சூடாகி வருகிறது என்பது தெரிந்தபின் அதை அருவி என்று மட்டும் பார்க்க முடியவில்லை. வால்ரஸை வேட்டையிலிருந்து காப்பாற்றிய மாதிரி இதற்கு ஒரு தீவு தனியாகச் சட்டம் போட்டுவிட முடியாது.

சரி, கரடி. பார்த்தோம். ஒரு காலையில் கரையிறங்கக் கம்பூட்டெல்லாம் மாட்டித் தயாராக நின்றபோது, முன்னால் போன படகிலிருந்து சேதி வந்தது: இறங்க வேண்டிய கரைக்குப் பின்னால் ஒரு பனித்திட்டில் கரடி தூங்குகிறது. அவ்வளவுதான், இறக்கம் ரத்து. கப்பலின் மேல்தளத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்தேன். வெள்ளை இல்லை, பழைய தந்தத்தின் மஞ்சள். பனிமேல் கிடந்ததால்தான் அந்த மஞ்சள் தெரிந்தது. ஒரு தடவை தலையைத் தூக்கியது, மோந்தது, கை மேல் தலையை வைத்துக்கொண்டது. புதிய விதிப்படி கரடிக்கும் நமக்கும் இடையே 300 மீட்டராவது இருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். தற்செயலாகப் பக்கத்தில் போய்விட்டாலும் உடனே விலக வேண்டும்.

பக்கத்தில் நின்றவர் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருந்தார். இதற்கா இவ்வளவு பணம் கட்டினேன், போன வருஷம் வந்தவர்கள் எவ்வளவு கிட்டே போனார்கள் தெரியுமா என்று வழிகாட்டியிடம் சண்டைக்கு நின்றார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிந்தது, ஆனால் நான் விதியின் பக்கம். எங்கள் மலைப்பாதையில் காட்டெருமை நின்றால் என்ன நடக்கிறது என்று பார்த்தவன் நான். காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பத்தடியில் செல்ஃபோனை நீட்டி, அது தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஹாரனும் அடிப்பார்கள். அது மிரண்டு முட்டினால் மறுநாள் செய்தியில் ‘காட்டெருமை அட்டகாசம்’.

ஸ்வால்பார்டில் மனிதரைவிடக் கரடி அதிகம் என்று விளம்பரங்களில் போடுவார்கள், அதையும் நம்ப வேண்டாம். இரண்டாயிரத்துச் சொச்சம் கரடி என்பது பேரன்ட்ஸ் கடல் முழுவதற்குமான கணக்கு, ருஷ்யத் தீவுகளும் அதில் சேர்த்தி. ஸ்வால்பார்டிலேயே நிலையாக இருப்பவை முந்நூறு பக்கம்தான்.

திரும்பும் வழியில் கிங்ஸ் விரிகுடா. ஒரு காலத்து வரைபடங்களில் புளோம்ஸ்ட்ராண்ட் தீபகற்பம் என்று இருந்தது. 1990களின் தொடக்கத்தில் பனியாறு பின்வாங்கியதும் பார்த்தால் அது தீவு. அதில்தான் நி லண்டன் குவாரி. எர்னஸ்ட் மான்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் 1911இல் இங்கே பளிங்கு வெட்ட ஆரம்பித்தார். நீராவிக் கொதிகலன், பாரந்தூக்கி, தண்டவாளம், தொழிலாளிகளுக்கு வீடு எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. லண்டனில் பங்குதாரர்களைப் பிடித்திருந்தார்கள். கல்லும் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் பல்லாயிரம் வருஷம் உறைந்தும் இளகியும் உள்ளே பூராவும் விரிசல். வெட்டி எடுத்தால் உதிர்ந்தது. சில வருஷத்தில் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள்.

துருப்பிடித்த கொதிகலன் பக்கத்தில் நின்றேன். அந்தச் சக்கரமும் அந்தத் தண்டவாளமும் என் சிறுவயதுச் சாமான்கள். வெட்டிய முகத்தில் ஆப்பு இறக்கிய துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அப்பா இருந்திருந்தால் அதில் விரலை விட்டுப் பார்த்து, வெட்டியவன் இடக்கைக்காரனா வலக்கைக்காரனா என்றுகூடச் சொல்லியிருப்பார். நான் விரலை விடவில்லை, விடக் கூடாது. ஸ்வால்பார்டில் 1946க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது: ஆணி, பலகை, உடைந்த குழாய், எதையும் நகர்த்தக்கூட முடியாது. கொள்ளையடிக்க வந்தவர்கள் விட்டுப்போன குப்பையும் வரலாறு என்று வைத்திருக்கிறார்கள். இதில் எனக்கு முழுச் சம்மதம். சுத்தமாகத் துடைத்திருந்தால் அடுத்து வருகிறவர்களிடம் ‘கால் படாத’ என்று தைரியமாகவே சொல்லிவிடலாம்.

குவாரிக்கு எதிர்க்கரையில் நி ஓலெசுண்ட். அதுவும் கரிச்சுரங்க ஊராக இருந்ததுதான். 1926இல் துருவப் பயணி அமுண்ட்சென் குழுவினர் ‘நோர்ஜ்’ வான்கப்பலில் துருவத்தைத் தாண்டி அலாஸ்காவுக்குக் கிளம்பியது இங்கிருந்து. அந்த வான்கப்பலைக் கட்டிய கம்பம் இன்னும் நிற்கிறது. 1962 நவம்பரில் சுரங்க வெடிப்பில் 21 பேர் செத்தார்கள். அந்த விவகாரம் அடுத்த வருஷம் நார்வே அரசையே கவிழ்த்தது. சுரங்கத்தை மூடினார்கள். இப்போது பல நாட்டு ஆய்வுக்கூடங்கள். இந்தியாவின் ஹிமாத்ரி 2008இல் திறந்தது. 1920இல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தில் அன்றைய பிரிட்டிஷ் பேரரசு வழியாக இந்தியாவும் உண்டு. ஒப்பந்த நாட்டுக்காரர்கள் யாரும் அங்கே தொழில் செய்யலாம். தட்டுவடைக் கடை போடச் சட்டத் தடை ஏதுமில்லை என்று மருமகளிடம் சொன்னேன். ஊருக்குள் ஃபோனைப் பறக்கும் நிலைக்கு மாற்றிவிட வேண்டும். விண்வெளியின் தொலைதூரப் பொருள்களிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளைப் பிடித்துப் பூமியின் அசைவை அளக்கும் தட்டுகள் இருப்பதால் வைஃபை, புளூடூத் எதற்கும் அனுமதியில்லை. ஹிமாத்ரி வாசலில் படம் எடுத்துக்கொண்டோம். உடனே வாட்ஸப்பில் போட முடியாதது அவளுக்குக் குறை.

ஊருக்கு வந்தபிறகு மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கும் நண்பரிடம் படங்களைக் காட்டினேன். மலைக்கிராமத்துக்காரர், என்னைவிட மூத்தவர். வால்ரஸைப் பார்த்துச் சிரித்தார். நூறு ஐயாயிரமான கதையைச் சொன்னேன். எழுபது வருஷம் தொடாமல் விட்டால் எப்படித் திரும்பி வருகிறது பாருங்கள், நம் மலையிலும் இப்படி விடலாம் என்றேன்.

“அங்க ஆதியில யாருங்க இருந்தாங்க?” என்றார்.

யாருமில்லை. பூர்வகுடி என்று ஸ்வால்பார்டில் யாரும் இருந்ததில்லை. வந்தவர்கள் எல்லாம் வேட்டைக்கோ சுரங்கத்துக்கோ வந்தவர்கள்.

“அதாங்க. வந்தவன வெளிய போடான்னு சொல்லிடலாம். எங்கள எங்க போகச் சொல்லுவீங்க? காட்டெரும பெருகித்தான் கெடக்குது. வெடியக்காலம் பழம் பறிக்கப் போற பொம்பளைங்க கொத்தாத்தான் போறாங்க, தனியாப் போறதில்ல. போன வருசம் ஒருத்தர முட்டிடுச்சு.” அப்புறம் கேட்டார், “எவ்வளவு தூரம் தள்ளி நிக்கணும்னு சொன்னீங்க?”

“முந்நூறு மீட்டர்.”

அவர் வாசலில் நின்றபடி காப்பி காயவைக்கும் களத்தைப் பார்த்தார், அதற்கப்பால் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். “அவ்வளவு தள்ளி நிக்கணும்னா எங்க ஊரே பத்தாதுங்க” என்றார்.